சர்வர் கற்றுக்கொள்ள உபுண்டுவா, அல்மாலினக்ஸா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் படித்துவிட்டு ஓசூரிலோ பெங்களூரிலோ சர்வர் வேலைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகள் குழம்புவது இதில்தான். இரண்டுமே சர்வரில் போடும் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டங்கள்; இரண்டுமே இலவசம், ஓப்பன் சோர்ஸ். அதனால் செலவுப் பேச்சே வேண்டாம்.

பழகுவது: உபுண்டு சர்வர் சுலபம், எந்தப் பிழைச் செய்தியைத் தேடினாலும் யாராவது பதில் எழுதியிருப்பார்கள். அல்மாவில் கொஞ்சம் தேட வேண்டும்.

ஆதரவு (இலவசப் பாதுகாப்பு அப்டேட்): உபுண்டு 24.04-க்கு 2029 வரை, அல்மா 9-க்கு 2032 வரை.

பாதுகாப்பு: உண்மையான வித்தியாசம் இங்கேதான். ஃபைல்களுக்கு லேபிள் ஒட்டி, எந்த புரோகிராம் எதைத் தொடலாம் என்று காவல் காக்கும் எஸ்இலினக்ஸ், அல்மாவில் முதல் நாளே கறாராக நிற்கும். உங்கள் ஹோம் ஃபோல்டரில் எழுதிய வெப் பக்கத்தை எம்வி கட்டளையால் சர்வர் ஃபோல்டருக்கு நகர்த்தினால், பர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் 403 (அனுமதி இல்லை) பிழை வரும், ஏனென்றால் ஃபைலின் பழைய லேபிளும் கூடவே வந்துவிடும்; லேபிளைத் திருத்தும் ரிஸ்டோர்கான் கட்டளையை ஓட்டினால் சரியாகிவிடும். உபுண்டுவில் இதே காவல் வேலையைச் செய்யும் ஆப்ஆர்மர் இவ்வளவு குறுக்கே வராது.

லினக்ஸே புதிது என்றால் கண்ணை மூடிக்கொண்டு உபுண்டு போடுங்கள். ரெட் ஹேட் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் நேராக அல்மா; அது ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸோடு ஒத்துப்போவது என்பதால் அங்கே பழகும் கட்டளைகள் தேர்விலும் அப்படியே வரும். எதுவானாலும் டெஸ்க்டாப் இல்லாமல், விர்ச்சுவல்பாக்ஸில் (உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) 2 ஜிபி ராம் ஒதுக்கிப் போடுங்கள்.