கஞ்சிப்பாசியா, டயட்டமா: குற்றிழை மரபணு இழப்பை ஆராய எது ஏற்றது?

மண்டபம், பாம்பன் கரையில் ஆய்வுக்கு உயிரி தேடும் முதுநிலை மாணவர்கள் சிவப்புப் பாசியான கஞ்சிப்பாசிக்கும் ஒற்றைச்செல் நுண்பாசியான டயட்டத்துக்கும் இடையே தடுமாறுகின்றனர். மெய்க்கருவுயிரிகளின் (உட்கரு கொண்ட செல்லுடைய உயிரிகளின்) பொது மூதாதைக்குக் குற்றிழை, அதாவது செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரிழை போன்ற உறுப்பு, இருந்தது; கசையிழை என்பதும் இதே உறுப்புதான். குற்றிழைக்குள் புரதங்களைக் கடத்த உதவும் பிபிசோம் என்ற புரதத் தொகுதியின் மரபணுக்கள் பின்னர் பல கிளைகளில் தனித்தனியே மறைந்தன.

மாதிரி – கஞ்சிப்பாசி: நீர் வற்றும் நேரத்தில் கரையோரமே கிடைக்கும்.
மாதிரி – டயட்டம்: நுண்வலை, நுண்ணோக்கி, தனி வளர்ப்பு என்று செலவு கூடும்.

இழப்பு – கஞ்சிப்பாசி: சிவப்புப் பாசிகள் குற்றிழையையும் அதற்கு அடித்தளமாகும் சென்ட்ரியோலையும் அடியோடு இழந்தவை. உறுப்பே இல்லாத இடத்தில் மரபணுவும் இல்லை என்பது எதிர்பார்த்ததுதான்.
இழப்பு – டயட்டம்: வட்ட டயட்டங்களின் ஆண் பாலணுவுக்கு மட்டும் ஒரு கசையிழை உண்டு, அவற்றுள் ஒன்றான தலாசியோசிரா சூடோனானாவில் பிபிசோமும், குற்றிழைக்குள் கடத்தலைச் செய்யும் இரு ஐஎஃப்டி புரதத் தொகுதிகளில் ஐஎஃப்டி-ஏயும் மறைந்திருக்க, ஐஎஃப்டி-பி மட்டும் எஞ்சியிருக்கிறது. நீள் டயட்டங்களிலோ கசையிழையே இல்லை. உறுப்பு மறையும் முன்பே மரபணுக்கள் உதிரத் தொடங்குவதை இங்கே காணலாம்.

நம்பகம்: இரண்டிலும், முழுமைபெறாத மரபுத்தொகுதியில் காணாததை இழப்பென்று எழுதிவிடக் கூடாது, உறவினங்களிலும் தேட வேண்டும்.

பணமும் காலமும் குறைந்தவருக்குக் கஞ்சிப்பாசி போதும். இழப்பின் வரிசையை அறிய விரும்புவோருக்கு, சிரமமானாலும், டயட்டமே என் பரிந்துரை. எதைத் தேர்ந்தாலும், விந்தணுவில் இரு கசையிழை கொண்ட பழுப்புப் பாசியான கட்டக்கோரையை ஒப்பீட்டுக்குச் சேர்ப்பது நல்லது.