எங்கே வெட்டுவது? டி.என்.ஏ.வை உறைக்குள் அடைக்கும் மூன்று ஃபேஜ் வழிகள்

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களான ஃபேஜ்களில் வால் உடையவை முதலில் வெற்றுப் புரத உறையைக் கட்டி முடித்துவிட்டு, அதன் பிறகே டி.என்.ஏ.வை உள்ளே திணிக்கின்றன. உறையின் ஒரு முனையில் பன்னிரண்டு அலகுகளால் ஆன வாயில் வளையம் இருக்கும். அதில் வந்து பொருந்தும் மோட்டார் புரதமான டெர்மினேஸ், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து இழையை உள்ளே தள்ளிவிட்டு, வேலை முடிந்ததும் கழன்றுவிடும். இந்த மோட்டாரின் வலிமை சாதாரணமானதன்று. ஃபை29 என்ற ஃபேஜை ஒளி இடுக்கியால் (நுண்பொருள்களை லேசர் ஒளியால் பிடிக்கும் கருவி) பிடித்து இழுத்துப் பார்த்த 2001ஆம் ஆண்டு ஆய்வில், அதை நிறுத்தச் சராசரியாக 57 பிகோநியூட்டன் விசை தேவைப்பட்டது. தசையின் மயோசின் மூலக்கூறு ஒன்று தரும் விசையைப்போல் இது பத்து மடங்குக்கும் மேல்.

தள்ளும் முறையில் ஃபேஜ்களுக்கிடையே அடிப்படை வேறுபாடு குறைவு. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் அவை பிரிகின்றன.

ஃபை29 இந்தக் கேள்வியையே தவிர்த்துவிடுகிறது. அதன் 19,285 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) கொண்ட டி.என்.ஏ. தனித்தனிப் பிரதிகளாகவே உருவாகிறது. இரு முனைகளிலும் ஒரு புரதம் பிணைந்திருக்கிறது. வெட்ட வேண்டியது எதுவுமில்லை, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துக்கொண்டால் போதும். சோதனைக்குழாயில் திறம்பட இயங்குவதால் மோட்டாரைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இதிலிருந்தே வந்தது. ஆனால் இதன் மோட்டாருக்கு ஒரு சிறு ஆர்.என்.ஏ. வளையமும் தேவை; இனி வரும் லாம்டா, டி4 ஆகிய ஃபேஜ்களில் அப்படி எதுவும் இல்லை என்பதால், இதை எல்லா ஃபேஜ்களுக்குமான மாதிரியாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

லாம்டாவின் வழி அளவுகோல் வைத்து வெட்டுவது போன்றது. பல பிரதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீள் இழையில், காஸ் எனப்படும் குறிப்பிட்ட வரிசையில் டெர்மினேஸ் வெட்டி அடைக்கத் தொடங்கி, அடுத்த காஸ் வந்ததும் மீண்டும் வெட்டுகிறது. எனவே ஒவ்வொரு உறைக்குள்ளும் அதே 48,502 கார இணைகள் செல்கின்றன. முனைகளில் 12 காரங்கள் நீளமுள்ள ஒற்றை இழை நீட்டிக்கொண்டிருக்கும். இரு காஸ்களுக்கு இடைப்பட்ட நீளம் இயல்பான அளவில் ஏறத்தாழ 78 முதல் 105 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே கட்டுப்பாடு. அந்த வரம்புக்குள் அந்நிய மரபணுவைச் செருகினாலும் லாம்டா ஏற்றுக்கொள்வதால்தான் அது மரபணுப் பொறியியலின் கருவியாயிற்று.

டி4, பி22 ஆகிய ஃபேஜ்களும் இத்தகைய நீள் இழையிலிருந்தே அடைத்தாலும், வரிசையைப் பார்த்து நிறுத்துவதில்லை, உறை நிரம்பியதும் வெட்டுகின்றன. உள்ளே அழுத்தம் ஏறும்போது வாயில் வளையத்தின் வடிவம் மாறி, அதுவே வெட்டுவதற்கான சைகையாகிறது என்று கருதப்படுகிறது. பி22இன் வாயில் புரதத்தில் நிகழும் சில மரபணு மாற்றங்கள் அடைக்கப்படும் நீளத்தையே மாற்றிவிடுவது இதற்கு வலுவான சான்று. உறை கொள்ளும் அளவு மரபணுத்தொகுதியைவிடச் சற்றே பெரிது என்பதால் ஒவ்வொரு துண்டின் தொடக்கமும் முடிவில் மீண்டும் வருகிறது, வெட்டும் இடமும் துண்டுக்குத் துண்டு நகர்கிறது. டி4இல் ஒரு பகுதி அழிந்தாலும் நிரப்பும் அளவு குறைவதில்லை. மீள்வரும் பகுதி மட்டும் நீள்கிறது. இந்த நெகிழ்வுக்காகவே மூன்றில் இதை நான் முதலிடத்தில் வைப்பேன்.

அதற்கான விலையும் உண்டு. பி22இன் டெர்மினேஸ் சில வேளைகளில் தவறிப்போய் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வையே உறை நிறைய அடைத்துவிடுகிறது. சிண்டரும் லெடர்பெர்க்கும் 1952இல் சால்மோனெல்லா பாக்டீரியாவில் விவரித்த மரபணுக் கடத்தல், அதாவது ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஃபேஜ் மற்றொன்றுக்குக் கொண்டு செல்வது, இந்தப் பிழையின் விளைவுதான்.

அடைத்த விதம் அடுத்த செல்லுக்குள் நுழையும்போதும் தொடர்கிறது. லாம்டாவின் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழை முனைகள் ஒன்றோடொன்று ஒட்டக்கூடியவை; அவை உடனே இணைந்து வட்டமாகின்றன. பி22 வட்டமாக வேண்டுமானால், இரு முனைகளிலும் மீள்வரும் பகுதிகளுக்கிடையே மறுசேர்க்கை (ஒத்த வரிசைகள் வெட்டுண்டு இணைவது) நடந்தாக வேண்டும். மீள்வரும் பகுதியைவிட நீளமான அந்நியத் துண்டு பி22இன் மரபணுத்தொகுதிக்குள் புகுந்தால் ஒரு முழுப் பிரதியே உறைக்குள் அடங்காது. அப்படிப்பட்ட ஃபேஜ் தனியாக நுழைந்தால் பெருகுவதில்லை. வெவ்வேறு இடங்களில் வெட்டப்பட்ட இரண்டு ஃபேஜ்கள் ஒரே செல்லுக்குள் நுழையும்போது, ஒன்றில் விடுபட்டதை மற்றொன்று ஈடுசெய்துவிடுகிறது.