மழைக்காலத் தூண்டிலுக்கு எந்த நரம்பு? நைலான், ஃபுளோரோகார்பன், பின்னல் நூல்

அக்டோபர் பிறந்துவிட்டால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. காலையில் செம்பனைக்குள் வெயில் சுள்ளென்று அடிக்கும். பொழுது சாய்வதற்குள் தோட்டத்து வாய்க்காலெல்லாம் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் புரண்டு ஓடும். அப்படி மழை விட்ட ஒரு மாலையில் என் அக்காள் மகன் புதிய நரம்புச் சுருளோடு வீட்டுக்கு வந்தான். 16 பவுண்டு இழுப்பைத் தாங்கும் ஃபுளோரோகார்பன், 200 மீட்டர். ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் சம்பளத்தில் வாங்கியிருக்கிறான்.

"குளிர்காலத்தில் பாஸ் பிடிக்க இதை மிஞ்சியது இல்லையாம், மாமா. அமெரிக்காவில் இதைத்தான் போடுகிறார்கள்" என்றான்.

அவன் கேள்விப்பட்டதில் பொய் இல்லை. ஆனால் எந்த நீருக்கு, எந்த மீனுக்குச் சொன்னது என்று பார்க்காமல் ரீல் முழுக்கச் சுற்றிவிட்டால் காசும் போகும், மீனும் போகும். மூன்று வகை நரம்பையும் இந்தப் பக்கத்து ஈயக்குட்டைகளிலும் (வெள்ளீயம் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்தவை) செண்டரோ அணை நீரிலும் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவன் நான். அவனுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அங்கே குளிர், இங்கே கலங்கல்

அமெரிக்கர்கள் பாஸ் என்றால் பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸைத்தான் சொல்கிறார்கள். நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது அந்த மீனின் உடலே மந்தமாகிவிடும். இரையைத் துரத்தாது, மூக்குக்கு முன்னால் வந்து நின்றால்தான் வாயைத் திறக்கும். அதனால் அங்கே, மிதக்காமலும் மூழ்காமலும் அந்தரத்தில் நிற்கும் பொய்மீனை இரண்டு முறை சுண்டிவிட்டு, பத்து இருபது விநாடிகள் அசைக்காமல் காத்திருக்கிறார்கள். மிதக்கும் நரம்பு அந்தப் பொய்மீனை மேலே இழுத்துவிடும். ஃபுளோரோகார்பன் மூழ்குவதால் அது இருந்த ஆழத்திலேயே நிற்கும். தெளிந்த குளிர்நீரில் மீனுக்கு உற்றுப் பார்க்க நேரம் இருப்பதால், கண்ணில் படாத நரம்பும் தேவைப்படுகிறது. பின்னல் நூலோ நீரை ஏந்திக்கொண்டு வந்து கோலின் வளையங்களில் பனிக்கட்டியாக உறைந்துவிடும். அந்த ஊருக்கு எல்லாமே நியாயமான காரணங்கள்.

நம் ஊரில் பாஸ் என்று பெயர் பெற்ற பீகாக் பாஸ் வேறு குடும்பத்து மீன். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அது குளிரைத் தாங்காது. ஃபுளோரிடாவின் கால்வாய்களில் 1984-இல் கொண்டுவந்து விட்டார்கள். நீர் ஏறக்குறைய 16 டிகிரிக்கு இறங்கினாலே அது சாகத் தொடங்கும். 2010-இன் கடுங்குளிரில் அங்கே ஏராளமாகச் செத்து மிதந்தன. நம் சமவெளிக் குட்டைகளில் நீர் அந்த அளவுக்கு ஒருபோதும் குளிர்வதில்லை. இரவெல்லாம் மழை கொட்டினால் மேல்நீர் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். ஆனாலும் அந்தச் சிறு மாற்றமே பீகாக் பாஸைக் கரையோரத்திலிருந்து ஆழத்துக்கு அனுப்பிவிடுகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் போனால் வெறுங்கைதான். வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழிந்த பிறகே அது கொத்த ஆரம்பிக்கும்.

ஆகவே அமெரிக்காவின் பாடத்தில் ஒரு பாதி நமக்குப் பொருந்தும்: மெதுவாக இழு, நிறுத்து, காத்திரு. மறுபாதி, அதாவது கண்ணுக்குத் தெரியாத நரம்பு, பெருமழைக்கு மறுநாள் செம்மண் கரைந்து நிற்கும் நீரில் வீண். ஒரு சாண் ஆழத்தில் உள்ள கட்டையே தெரியாத நீரில் மீன் நரம்பையா பார்க்கப்போகிறது?

தோமானின் கதை வேறு. அது விரால் இனம். நீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கும். கலங்கல் நீரில் உயிர்வளி குறைந்து மற்ற மீன்கள் சோர்ந்து கிடக்கும் நாளிலும், 'பொளக்' என்று ஒரு வளையத்தை விட்டுவிட்டு இறங்கும். அந்த வளையம் தெரிந்த இடத்துக்குச் சற்று அப்பால் வீச வேண்டும். ஆனால் அருகிலேயே செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து போனால் கோலைக் கீழே வைத்துவிடுங்கள். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கின்றன. அவற்றைப் பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரைதான். பீகாக் பாஸ் வெளியிலிருந்து வந்து நம் மீன்களைத் தின்பது. அதை நான் திருப்பி விடுவதில்லை, நேராகக் குழம்புச் சட்டிக்குத்தான்.

நைலான்

டூபோன்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935-இல் உருவாக்கிய பொருள் இது. நாம் நரம்பு என்றும், மலாய் நண்பர்கள் தாங்சி என்றும், இலங்கைத் தமிழர் தங்கூசி என்றும் சொல்வது இதைத்தான். லயத்து வீட்டுப் பிள்ளைகளாக நாங்கள் மூங்கில் கழியில் கட்டி விரால் பிடித்ததும் இதில்தான். விலை குறைவு. முடிச்சு நன்றாகப் பிடிக்கும். இழுத்தால் நீளும் தன்மை இருப்பதால், மீன் காலடியில் வந்து திடீரென்று பாயும்போது முள் பிய்த்துக்கொள்ளாமல் காப்பாற்றும்.

அந்த நீட்சியே தொலைவில் எதிரியாகிவிடும். மாலிம் நாவார் பக்கம் ஒரு குட்டையில் நாற்பது மீட்டருக்கு அப்பால் என் ரப்பர் தவளையைத் தோமான் விழுங்கியது. நீர் வெடித்தது எனக்குக் கேட்டது. முழு பலத்தோடு கோலை நிமிர்த்தினேன். நரம்பு நீண்டு கொடுத்ததில் பலம் பாதியிலேயே கரைந்துபோனது. எலும்பு போன்ற அந்தத் தாடையில் முள் இறங்கவில்லை. தவளை மட்டும் பல் பதிந்து, வயிறு கிழிந்து திரும்பி வந்தது. அன்றோடு தோமானுக்கு நைலான் சுற்றுவதை விட்டுவிட்டேன்.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. நைலான் நீரை உறிஞ்சும். ஊறிய நரம்பு காய்ந்த நரம்பைவிட வலிமை குறைந்தது. நாள் முழுதும் மழையில் நின்று பிடிப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. வெயிலும் அதை மெல்ல மெல்லத் தின்றுவிடும். மோட்டார் சைக்கிள் கூடையிலேயே ரீலை விட்டுவைப்பவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை நரம்பை மாற்றியே ஆக வேண்டும்.

நீரின் மேலே ஓடும் பொய்யிரைக்கும், புழு கோத்துத் தக்கை போடுவதற்கும், முதன்முதலாகக் கோல் பிடிக்கும் பிள்ளைக்கும் நைலானே போதும்.

ஃபுளோரோகார்பன்

ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971-இல் இதைத் தூண்டில் நரம்பாகக் கொண்டுவந்தது. ஒளியை வளைக்கும் அளவு நீருக்கு 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு ஏறக்குறைய 1.53. நீருக்கு அருகில் இருப்பதால் கண்ணில் படுவது குறைவு. அடர்த்தி 1.78, நைலானுக்கு 1.14 தான். அதனால் வேகமாக மூழ்கும். நீரை உறிஞ்சாது. கல்லிலும் கட்டையிலும் உரசினால் நைலானைவிட நன்றாகத் தாங்கும்.

இது நீளவே நீளாது என்று கடைகளில் சொல்வதை நம்பாதீர்கள். நீளும்; பெரிய இழுப்புக்கு ஒருமுறை நீண்டால் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. அடியில் சிக்கிய இரையைப் பலமாக இழுத்து மீட்ட பிறகு அந்தப் பகுதியை வெட்டிவிடுவது நல்லது. முடிச்சுதான் இதன் பலவீனம். உலர்ந்த நரம்பில் முடிச்சை இறுக்கினால் சூட்டில் வெந்து, முடிச்சுக்கு மேலே வெளுத்துச் சுருண்டுவிடும். எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்க வேண்டும். சுருள் போல் வெளுத்திருந்தால் தயங்காமல் வெட்டிவிட்டு மீண்டும் கட்டுங்கள்.

பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் பக்கத்துக் குட்டைகள் 1985-இல் ஈயத்தின் விலை வீழ்ந்த பிறகு கைவிடப்பட்டு, இப்போது மீன்காடாகக் கிடப்பவை. மழை நின்று மூன்று நான்கு நாள் வெயில் அடித்தால் அவற்றில் சில கண்ணாடி போலத் தெளிந்துவிடும். அந்த நீரில், ஆழத்தில் மந்தமாக நிற்கும் பீகாக் பாஸுக்கு, அமெரிக்கர்கள் சொல்லும் அந்தரப் பொய்மீனும் ஃபுளோரோகார்பனும் அப்படியே பொருந்துகின்றன. பொய்மீனை நிறுத்தி ஐந்து விநாடி எண்ணுங்கள். இங்கே இருபது வரை தேவையில்லை. ஆனால் ரீல் முழுக்க இதைச் சுற்றுவது வேறு விஷயம். விறைப்பான நரம்பு என்பதால் ஸ்பின்னிங் ரீலிலிருந்து வளையம் வளையமாகத் துள்ளிக் குதித்துச் சிக்கிக்கொள்ளும். அதில் அரை நாள் போய்விடும்.

பின்னல் நூல்

இதை மலாயில் பெனாங் என்பார்கள். பாலித்தீனின் மிக வலிய வடிவத்தை நூலாக்கி, நான்கு அல்லது எட்டு இழையாகப் பின்னியது. 30 பவுண்டு தாங்கும் பின்னல் நூல் சுமார் 0.28 மில்லிமீட்டர் தடிமன்தான். அதே பலத்துக்கு நைலான் ஏறக்குறைய இரு மடங்கு தடிமனாக இருக்கும். மெல்லியது என்பதால் தூரம் போகும். நீட்சி மிகக் குறைவு என்பதால் நாற்பது மீட்டர் தொலைவில் மீன் உதட்டால் தொட்டாலும் விரலில் தட்டும். நிமிர்த்திய பலம் முழுதும் முள்ளில் போய்ச் சேரும். ஆகாயத்தாமரைக்குள் தலையை விட்ட தோமானைத் தண்டுகளை அறுத்துக்கொண்டு வெளியே இழுத்துவரும் நரம்பு இது ஒன்றுதான். பனி உறையும் என்ற குறை நம் நாட்டில் எழவே எழாது.

இதற்கும் எதிரி உண்டு. விறைப்பாக இழுபடும்போது கூரான கல்லிலோ பழைய சிமெண்டுத் தூணிலோ உரசினால் சட்டென்று அறுந்துவிடும். அடர்த்தி 0.97, எனவே மிதக்கும். காற்றடித்தால் வில்லாக வளைந்து பொய்மீனை இழுத்துச் செல்லும். சிக்கியதை வெறுங்கையால் இழுத்தால் விரலை அறுக்கும். துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

முனை நரம்பும் முடிச்சும்

ஆகவே எங்கள் ஊர் மழைக்காலத்துக்கு என் தேர்வு: ரீலில் 30 பவுண்டு பின்னல் நூல், முனையில் ஒன்றரை மீட்டர் ஃபுளோரோகார்பன். இந்த முனை நரம்பை மலாயில் பெராம்புத் என்பார்கள். பீகாக் பாஸுக்கு 16 முதல் 20 பவுண்டு, தோமானுக்கு 40 பவுண்டுக்குக் குறையாமல். கட்டையில் உரசுவதும் மீனின் பல்லில் படுவதும் அந்த ஒன்றரை மீட்டர்தான். அங்கே தடிமன் வேண்டும். மீதிக்கு மெல்லிய நூல் போதும்.

இரண்டையும் இணைக்கும் முடிச்சில்தான் பலரும் தோற்கிறார்கள். எஃப்ஜி முடிச்சைப் பழகுங்கள். பின்னல் நூலை விறைப்பாகப் பிடித்து, தடித்த நரம்பை அதன் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி இருபது சுற்று சுற்ற வேண்டும். பத்துச் சுற்றுக்குப் பிறகு சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பாய் முடைந்ததுபோல் பக்கம் பக்கமாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். நனைத்து இழுக்கும்போது நூலின் நிறம் சட்டென்று ஒரு படி கருக்கும். சுற்றுகள் நரம்பைக் கவ்விக்கொண்டதன் அடையாளம் அது. பிறகு அரைமுடிச்சுகள் நான்கைந்து போட்டு வாலை வெட்டுங்கள். விரல் நகத்தை அதன்மேல் ஓட்டினால் தடை இல்லாமல் வழுக்க வேண்டும். அப்போதுதான் கோலின் வளையத்தில் தட்டாது. மழையில் கை நனைந்திருக்கும்போது இதைச் செய்ய முடியாது. வீட்டிலேயே கட்டி எடுத்துப் போவது என் வழக்கம். குட்டைக் கரையில் அறுந்தால் இரட்டை யூனி முடிச்சு போதும்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முனையிலிருந்து ஒரு முழம் வரை இரு விரல்களுக்கு இடையே நரம்பை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் அந்த இடம் வரை வெட்டுங்கள். வெட்டிய துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். காலில் நைலான் சுற்றிக் கிளையில் தலைகீழாகத் தொங்கிய கொக்கு ஒன்றைச் செண்டரோவில் படகிலிருந்து அறுத்து விடுவித்திருக்கிறேன். அதன் கால் கன்றிக் கறுத்துப்போயிருந்தது.

இன்னொன்றையும் இளைஞர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த குட்டைக் கரையில் இடி கேட்டால் கோலை அங்கேயே கிடத்திவிட்டுக் காருக்குள் போய் உட்காருங்கள். மரத்தடியில் நிற்காதீர்கள்.

அக்காள் மகனின் சுருள் வீணாகவில்லை. அவன் ரீலில் என்னிடமிருந்த பின்னல் நூலைச் சுற்றினோம். அவன் கொண்டுவந்த ஃபுளோரோகார்பனில் ஒன்றரை மீட்டர் வெட்டி முனையில் கட்டினோம். முதல் முடிச்சு வழுக்கியது, இரண்டாவதும் வழுக்கியது; மூன்றாவதில் நூலின் நிறம் கருத்ததை அவனே பார்த்துச் சொன்னான். சுருளில் இன்னும் 198 மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கிறது. நீர் தெளிந்ததும், அநேகமாக ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மேல், பத்து காஜாவுக்குப் போகிறோம்.