விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்றால், யார் கணக்கில் போடுகிறீர்கள் என்று கேளுங்கள்

2025 அக்டோபருக்குப் பிறகு லேப்டாப்பைக் கடையில் கொடுத்து விண்டோஸ் 11 போட்டு வாங்கியவர்கள், வேறு வேலை பார்ப்பதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். செட்டிங்ஸைத் திறந்து அக்கவுண்ட்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். ஒரு பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருந்தால், அது உங்களுடையதுதானா என்று பாருங்கள். கடைக்காரருடையதாகவோ, யாரென்றே தெரியாத ஒருவருடையதாகவோ இருந்தால், உங்கள் கோப்புகளும் அவற்றைத் திறக்கும் சாவியும் அவர் கையில் இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு அப்படித்தான் நடந்தது. தர்மபுரி மாவட்டத்தில் இன்னும் பலருக்கு நடந்திருக்கிறது, அவர்களுக்குத் தெரியாமலே.

பாலக்கோட்டில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். கிரையம், பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட் என்று ஆவண எழுத்தர்கள் எழுதித் தருவதை அடித்துக் கொடுப்பது, வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, ஸ்கேன் எடுப்பது எல்லாம் ஒரே லேப்டாப்பில்தான் நடக்கும். அதில் இருப்பதில் என் சொந்த விஷயம் கொஞ்சம்தான். மீதி எல்லாம் ஊர் மக்களுடையது. ஆதார் நகல், பான் நகல், பட்டா, தாய்ப்பத்திரம், செல் நம்பர். எந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்கு எத்தனை சென்ட் போகிறது என்பது, அந்தப் பிள்ளைகளுக்கே தெரிவதற்கு முன் என் லேப்டாப்பில் இருக்கும். அதனால்தான் இதைச் சின்ன விஷயமாக என்னால் விட முடியவில்லை.

ஃபேன் சத்தம் அதிகமாக இருக்கிறதென்று தர்மபுரியில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். "அக்கா, விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு. இனிமே அப்டேட் வராது. நெட்டுக்குப் போனாலே ஹேக் ஆயிடும். பத்திர வேலை பாக்குறீங்க, 11 போட்டுருங்க" என்றார் கடைத் தம்பி. இதில் பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆனால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட்டே ஒரு வழி வைத்திருந்தது. கணினியின் அமைப்புகளை அவர்கள் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். இதைக் கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருக்கும் விண்டோஸின் மேலேயே, கோப்புகளைத் தொடாமல் 11-க்கு மாறலாம் என்பதையும் சொல்லவில்லை. "புதுசா ஃபார்மட் போட்டாத்தான் ஸ்பீடா இருக்கும்" என்று மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். கூலி 2,500 ரூபாய். கையில் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு.

வாங்கி வந்து திறந்தால் என் பெயருக்குப் பதில் வேறு பெயர். போன் போட்டுக் கேட்டேன். "அது நம்ம கடை ஐடிதான் அக்கா. ஐடி இல்லாம 11 உள்ளயே போக விடாது. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நாங்களே போட்டுட்டோம். பெயரை மட்டும் மாத்திக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்றார். விண்டோஸ் 11-ஐப் புதிதாக அமைக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கிறது என்பது உண்மைதான். ஆனால் என் மின்னஞ்சலில் எனக்கு ஒரு கணக்கு தொடங்கித் தர ஐந்து நிமிடம் போதும். அவர்கள் செய்தது, ஒருவர் காசு கொடுத்து வாங்கிய நிலத்தை, எழுதிக் கொடுக்க வந்தவர் தன் பெயரில் பதிந்துகொண்டதற்குச் சமம்.

கொஞ்ச நாளில் என் டெஸ்க்டாப்பில் நான் வைக்காத கோப்புகள் வர ஆரம்பித்தன. ஒரு மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ். யாரோ ஒருவரின் தக்காளி மண்டிக் கணக்கு. பள்ளி மாணவர்களின் மதிப்பெண் பட்டியல். கடையில் கேட்டதற்கு "வைரஸா இருக்கும், டெலீட் பண்ணிடுங்க" என்றார்கள். நல்லவேளை, நான் கை வைக்கவில்லை. அவை வைரஸ் இல்லை. விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பும் கூடவே வரும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களையும் அது தன்னிடம் ஏற்றிக்கொள்ளும். ஒரே கணக்கில் பல கணினிகள் இருந்தால், ஒன்றில் உள்ளது மற்றதில் தெரியும். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். கடைத் தம்பி சொன்னபடி நான் அழித்திருந்தால், யாரோ ஒரு ஆசிரியரின் மதிப்பெண் பட்டியல் அவர் லேப்டாப்பிலிருந்தே போயிருக்கும். என் டெஸ்க்டாப்பில் அவர்களுடையது தெரிந்ததென்றால், அவர்களுடைய டெஸ்க்டாப்பில் என்னிடம் வந்தவர்களின் ஆதாரும் பட்டாவும் தெரிந்திருக்கும். ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபி மட்டும்தான். அது நிரம்பிய பிறகுதான் புதுக் கோப்புகள் ஏறுவது நின்றது. "இடம் போதவில்லை, பணம் கட்டுங்கள்" என்ற அறிவிப்பு மட்டும் தினமும் வந்தது.

பெரிய அடி அதற்குப் பிறகுதான். லேப்டாப் மெதுவாகிறது என்றதும் "அப்டேட் பாக்கி இருக்கும் அக்கா, இங்கிருந்தே போட்டுவிடுறேன்" என்று தூரத்திலிருந்தே இணைந்து, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் உட்பட எல்லாவற்றையும் ஓடவிட்டார்கள். "தானா ரீஸ்டார்ட் ஆகும், அப்படியே விட்டுடுங்க" என்றார்கள். மறுநாள் தை மாத முகூர்த்த நாள். பதிவு அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும் நாள். லேப்டாப்பைத் திறந்தால் நீலத்திரை. வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற வசதி, ரெக்கவரி கீயை, அதாவது பூட்டைத் திறக்கும் சாவியைக் கொடு என்கிறது. ஆறு ஆறாக எட்டுக் கட்டங்கள், மொத்தம் 48 இலக்கங்கள். அன்று பதிவாக வேண்டிய பத்திரங்கள் உள்ளே இருக்கின்றன. டோக்கன் வாங்கியவர்கள் வாசலில் நிற்கிறார்கள். அரூரிலிருந்து வயதான ஒரு அம்மா காலையிலேயே பஸ் பிடித்து வந்திருந்தார், மகளுக்கு எழுதிக் கொடுக்க. பக்கத்துக் கடையில் உட்கார்ந்து முதலிலிருந்து அடித்து அவருடையதை மட்டும் முடித்துக் கொடுத்தேன். மற்றவர்களுக்கு நாள் தள்ளிப்போனது. முகூர்த்தம் பார்த்துக் குறித்த நாள் அது, திரும்ப வராது.

கடைக்குப் போன் போட்டால், "அந்த ஐடி போட்ட பையன் வேலையை விட்டுட்டு ஓசூர் போயிட்டான். கீ கிடைக்காது. திரும்ப ஃபார்மட் போட்டுத் தர்றோம், 1,500 ஆகும்" என்றார் உரிமையாளர். ஃபார்மட் போட்டால் உள்ளே உள்ள எல்லாம் போய்விடும் என்று தெரிந்தே சொன்னார். இதில்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தவறிப் போவது வேறு, தவறை வைத்து இன்னொரு பில் போடுவது வேறு.

பூட்டு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால், வசதியுள்ள கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்படும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படும், ஹோம் பதிப்பிலும்கூட. சாவியாகிய அந்த 48 இலக்கங்கள் அந்தக் கணக்கில் போய் உட்காரும். லேப்டாப் திருடுபோனால் உள்ளே இருப்பதை எவரும் படிக்க முடியாது என்பதற்கான ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் பயாஸ் மாறினாலோ சில சமயம் வேறு அப்டேட் வந்தாலோ, கணினி தன்னையே அடையாளம் தெரியாமல் சாவி கேட்கும். 2024 ஜூலையில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் இந்தத் திரையில் போய் நின்றதை மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது. சாவி தொலைந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் அதை மறுபடி உருவாக்கித் தர முடியாது. பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும், சாவியைக் குறித்து வைக்க வேண்டும். இது சர்வீஸ் தொழிலின் பாலபாடம்.

எப்படியோ அந்தப் பையனின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். பாவம், அவர் உதவினார். பாஸ்வேர்டையும், தன் போனுக்கு வந்த ஓடிபியையும் சொல்ல, என் செல்போனிலேயே அந்தக் கணக்கைத் திறந்தேன். சாவிகள் பக்கத்தில் வரிசையாகக் கணினிகள், திரை தாண்டி இறங்கிக்கொண்டே போகின்றன. நீலத்திரையில் தெரியும் சாவி அடையாள எண்ணை வைத்துத்தான் என்னுடையதைக் கண்டுபிடித்தேன். 48 இலக்கங்களை அடித்ததும் திறந்துகொண்டது. சந்தோஷப்பட முடியவில்லை. கடையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் அந்த பாஸ்வேர்டு தெரியும் என்று அவரே சொன்னார். எத்தனை பேருடைய பூட்டுக்கு எத்தனை பேரிடம் சாவி!

மைக்ரோசாஃப்ட் மீதும் எனக்குக் கருத்து உண்டு. வட்டைப் பூட்டுகிறோம், சாவி இந்த முகவரிக்குப் போகிறது என்று பெரிய எழுத்தில் ஒரு தடவை திரையில் காட்டினால் கிராமத்து மனிதரும் கேள்வி கேட்பார். சொல்லாமல் செய்வது அங்கே பழைய பழக்கம். 2016-ல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லும் பெட்டியை மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். கேட்காமல் வந்த அந்த மாற்றத்தால் தொழில் கெட்டது என்று கலிஃபோர்னியாவில் ஒரு பெண் வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். 2018 அக்டோபர் அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்ததால் பாதியில் நிறுத்தினார்கள். அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று அணைத்து வைக்காதீர்கள், அது அதைவிட ஆபத்து. முக்கியமான வேலை இருக்கும் வாரத்தில் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் போய் நிறுத்தி வையுங்கள். ஐந்து வாரம் வரை அனுமதி உண்டு.

வேறொருவர் கணக்கில் மாட்டியிருப்பவர்கள் வரிசை மாறாமல் இப்படிச் செய்யுங்கள். முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். மேகக் குறி உள்ள கோப்புகள் உண்மையில் உங்கள் கணினியில் இல்லை. அவற்றை இறக்கிய பிறகு நகலெடுங்கள். அடுத்து ஒன்டிரைவில் பேக்கப்பை நிறுத்தி, இந்தக் கணினியின் இணைப்பைத் துண்டியுங்கள். அப்போது டெஸ்க்டாப் காலியானது போலத் தெரியலாம், பயப்பட வேண்டாம், கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும். பிறகு பிரைவசி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, அது முழுவதும் முடியும் வரை சார்ஜரில் வைத்திருங்கள். அதன் பிறகு கணக்கை மாற்றி, உங்கள் சொந்தக் கணக்கில் உள்ளே போய் என்கிரிப்ஷனை மறுபடி போடுங்கள். இப்போது உருவாகும் புதுச் சாவி உங்கள் கணக்குக்கு வரும், பழைய சாவி செல்லாது. புதியதை ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். அதே பிரைவசி பகுதியில் டயக்னாஸ்டிக்ஸ் என்பதில் மைக்ரோசாஃப்ட்டுக்கு விருப்பத் தரவு அனுப்புவதையும் அணைத்துவிடுங்கள். எட்ஜ் உலாவியில் யார் கணக்கு இருக்கிறது என்றும் பாருங்கள். அதில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அந்தக் கணக்குக்குப் போயிருக்கலாம், அப்படியிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

என்னிடம் ஆவணம் கொடுத்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து நடந்ததைச் சொல்லி வருகிறேன். ஆதார் எண்ணைக் கொண்டு யாராவது பேசினால் ஓடிபி சொல்ல வேண்டாம், பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள் என்கிறேன். சிலர் திட்டினார்கள், அது நியாயம்தான். கடை உரிமையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அந்தக் கணக்கில் உள்ள மற்றவர்களுக்குத் தகவல் சொல்லவும் மறுக்கிறார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான், அதனால் 'இது வியாபார லேப்டாப், புகார் செல்லாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் துண்டுச் சீட்டையும், கடையிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்திகளையும், கணக்குப் பெயர் தெரியும் திரையின் படத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் லேப்டாப்பிலும் அதே போல வேறு பெயர் தெரிந்தால், கணக்கை மாற்றுவதற்கு முன் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிவிட்டால் நிரூபிக்க வேறு சாட்சி இருக்காது.