குண்டு மிரட்டல் தூர அட்டை: ஓசிதான், ஆனாலும் நாலு ஸ்டார்

எங்கள் கட்டடத்தின் செக்யூரிட்டி மேஜையில், வாக்கி-டாக்கி சார்ஜருக்கு மேலே, இரண்டு வருடமாக ஒட்டிக்கிடக்கிற ஓர் அட்டையைப் பற்றித்தான் இந்த ரிவ்யூ. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் எஃப்.பி.ஐ.யும் சேர்ந்து போட்டது. பெயர் ‘பாம் த்ரெட் ஸ்டாண்ட்-ஆஃப் கார்டு’. குண்டாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் எவ்வளவு தள்ளிப் போகணும் என்று சொல்லும், அவ்வளவுதான் அதன் வேலை. விலை கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். எனக்கு ஆன செலவு லேமினேஷன் மட்டும்.

நான் டெக்சாஸில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். குழாய் ஒழுகினாலும் நான்தான், லிஃப்ட் நடுவில் நின்றாலும் நான்தான், வருடத்துக்கு ஒருமுறை அவசரகால பிளான் ஃபைலைத் தூசு தட்டி எடுத்து ஃபயர் டிரில் நடத்துவதும் நான்தான். இந்த அட்டை போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று முதலில் ஓடி வருகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. ஆனால் அவர்கள் வந்து சேருகிற வரைக்கும் அந்த இடத்தில் பொறுப்பாக நிற்கிறவன் என்னை மாதிரி ஒருத்தன்தானே.

முதலில் ஒரு சின்னப் புலம்பல். ஐ.இ.டி. (இம்ப்ரொவைஸ்ட் எக்ஸ்ப்ளோசிவ் டிவைஸ்) என்பதைத் தமிழில் ‘மேம்படுத்தப்பட்ட வெடிகுண்டு’ என்று எழுதுவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். மேம்படுத்தவெல்லாம் இல்லை சாமி. கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றியது என்றுதான் அர்த்தம். ஒப்பேற்றிய குண்டு என்று சொன்னாலே போதும். இந்த வார்த்தையில் ஏன் தொங்குகிறேன் என்றால், பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலையில் செய்த குண்டுக்கு மாடல் நம்பர் உண்டு, அளவு உண்டு, கையேடு உண்டு. ஒப்பேற்றியதற்கு எதுவும் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று வெளியே நிற்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ளப் பக்கத்தில் போகவும் கூடாது.

அட்டையின் சாமர்த்தியம் என்னவென்றால், அது உள்ளே என்ன என்று கேட்பதே இல்லை. வெளியே என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்கிறது. குழாயா, பெட்டியா, காரா, வேனா, லாரியா? அந்தச் சாமானுக்குள் அதிகபட்சம் எவ்வளவு அடைக்க முடியுமோ அவ்வளவும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தூரத்தைச் சொல்லிவிடுகிறது. குழாய் குண்டு என்றால் 5 பவுண்டு, சூட்கேஸ் 50, கார் 500, பெரிய எஸ்.யூ.வி. அல்லது வேன் 1,000, சின்ன டெலிவரி லாரி 4,000, அப்படியே ஏறி ஏறி கடைசியில் பதினெட்டுச் சக்கர டிரெய்லருக்கு 60,000 பவுண்டு. 100 அடி தள்ளி நிற்கும் ஒரு செக்யூரிட்டி பையன்கூட கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இது ஒன்றுதான். அதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள், அங்கே அவர்களுக்கு என் சலாம்.

ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று கட்டம். காரை எடுத்துக்கொள்வோம். 320 அடிக்குள் இருப்பவர்கள், கட்டடத்துக்குள் இருந்தாலும் சரி வெளியே இருந்தாலும் சரி, கிளம்பியே ஆகணும். 1,900 அடிக்கு அப்பால் இருந்தால் வெளியே நிற்கலாம். நடுவில் இருக்கிற 321 முதல் 1,899 வரைதான் மூன்றாவது கட்டம்: கட்டடத்துக்குள்ளேயே இரு, ஜன்னலையும் வெளிச்சுவரையும் விட்டு விலகி உள்ளே போய் இரு. இந்த நடுக் கட்டத்துக்கு அப்புறம் வருகிறேன், ரிவ்யூவே அதைப் பற்றித்தான்.

ஒருநாள் நைட் ஷிஃப்டில் சும்மா உட்கார்ந்து இந்த எண்களை நோண்டிக்கொண்டிருந்தேன். கார் 500 பவுண்டு, 320 அடி. சின்ன லாரி 4,000 பவுண்டு, 640 அடி. எடை எட்டு மடங்கு, தூரம் இரண்டே மடங்கு. வெளி எல்லையையும் பார்த்தேன், 1,900, 3,800, அதுவும் சரியாக இரண்டு மடங்கு. எட்டின் கன மூலம் இரண்டு. பிளஸ் டூவோடு போய்விட்டது என்று நினைத்த கணக்கு, செக்யூரிட்டி மேஜையில் வந்து உட்கார்ந்திருக்கிறது! வெடிப்பின் அதிர்ச்சி அலை ஒரே அளவு பலத்தோடு எட்டுகிற தூரம், வெடிமருந்து எடையின் கன மூலக் கணக்கில்தான் கூடுகிறது. முதல் உலகப் போர் காலத்திலேயே ஹாப்கின்சன் என்ற ஆங்கிலேயர் கண்டுசொன்னது. ஆனால் குழாய் குண்டுக்கு வெளி எல்லை 1,200 அடி, இந்தக் கணக்கில் அடங்கவே இல்லை. அடிக்குறிப்பைப் படித்தால் புரிகிறது: குழாய், பெட்டி மாதிரி சின்னச் சாமான்களில் ஆளை அடிப்பது சிதறிப் பறக்கிற துண்டுகள், அதனால் எடை குறைவு என்று ஏமாறக் கூடாது.

இந்த மாதிரி எண்கள் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து எழுதினவை அல்ல. 1993 பிப்ரவரி 26 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தளப் பார்க்கிங்கில் வேன் குண்டு வெடித்து 6 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் ஏ.டி.எஃப். என்கிற மத்திய அமைப்பும் ராணுவப் பொறியாளர் படையும் நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸில் ‘டைபோல் மைட்’ என்று பெயர் வைத்து, பெரிய வண்டிக் குண்டுகள் என்ன செய்யும் என்று நிஜமாகவே வெடித்து அளக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் அடுத்த வருடம், 1995 ஏப்ரல் 19 காலை 9:02-க்கு ஓக்லஹோமா சிட்டி. ஒரு வாடகை லாரி, 168 பேர். அதில் 19 குழந்தைகள். சுற்றிலும் 300-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதம். பறந்த கண்ணாடியால் அடிபட்டவர்கள் எக்கச்சக்கம். அட்டையின் வெளி எல்லை எதை வைத்து முடிவாகிறது என்றால், துண்டு பறக்கிற தூரம், கண்ணாடி உடைந்து விழுகிற தூரம், இந்த இரண்டில் எது அதிகமோ அது. உள் எல்லை, சாதாரணக் கட்டடம் ஒன்று இடிந்து விழாமல் தாங்குமா என்பதை வைத்து.

சரி, நிஜத்தில் எப்படி வேலை செய்தது?

போன வருடம் ஒரு புதன்கிழமை காலை, சரக்கு இறக்கும் இடத்தில் குப்பை அமுக்கும் மெஷினுக்குப் பின்னால் பாதி மறைந்த மாதிரி ஒரு கறுப்பு சூட்கேஸ். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி, ஓரமெல்லாம் தேய்ந்து போனது, கைப்பிடியில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. இங்கே பயிற்சிகளில் மூன்று கேள்வி சொல்லிக்கொடுப்பார்கள்: வேண்டுமென்றே ஒளித்து வைத்த மாதிரி இருக்கிறதா, பார்த்தாலே தப்பாகத் தெரிகிறதா, அந்த இடத்துக்குச் சம்பந்தமில்லாததா. ஒயர் கியர் எதுவும் தெரியவில்லை, ஆனால் முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் பதில் ஆமாம். வாக்கி-டாக்கியை எடுக்கப் போனவன் கையை இழுத்துக்கொண்டேன், சந்தேகப் பொருள் பக்கத்தில் ரேடியோவும் செல்போனும் பயன்படுத்தாதே என்பதும் இதே துறையின் அறிவுரைதான். லாபிக்குப் போய் லேண்ட்லைனில் 911.

அட்டையைப் பார்த்தேன். சூட்கேஸ், 50 பவுண்டு: 150 அடி, 1,850 அடி. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. எங்கள் ஃபயர் டிரில் பிளானில் எல்லோரும் போய்க் கூடுகிற இடம் பார்க்கிங் மூலையில் இருக்கிற புல்தரை. சரக்கு இறக்கும் இடத்திலிருந்து நான் எண்ணி வைத்திருந்த கணக்கில் 80 எட்டு, சுமார் 200 அடி. அதாவது, உள்ளே இரு என்று அட்டை சொல்கிற நடுக் கட்டத்தில், ஆறு மாடிக் கண்ணாடிச் சுவருக்கு நேர் எதிரே, முந்நூறு பேரை வெளியே கொண்டுபோய் வரிசையாக நிறுத்துவது என்பது எங்கள் எழுத்துப்பூர்வமான பிளான். இத்தனை வருடம் அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான்!

அந்தப் பக்கம் 150 அடிக்குள் இருந்த இரண்டு ஆபீஸ்களைக் காலி செய்து எதிர்ப்பக்கத்துக்கு அனுப்பினோம். மற்றவர்களை ஜன்னல் இல்லாத நடு காரிடாரில் உட்காரச் சொன்னோம். உட்கார வைப்பதற்குள் உயிர் போய்விட்டது. தீ என்றால் வெளியே ஓடு என்று சின்ன வயதிலிருந்து பழகியவர்களிடம் ‘உள்ளேயே இருங்க’ என்றால் யார் கேட்பார்கள்? மூன்றாவது மாடியில் நாலு பேர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்த போலீஸ்காரர் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டது மூன்றே மூன்றுதான்: பெட்டி எவ்வளவு பெரிசு, யாராவது தொட்டார்களா, ஆட்கள் எங்கே இருக்கிறார்கள். மூன்றுக்கும் பதில் கையில் இருந்தது, அட்டைக்கு அந்தப் புண்ணியம் உண்டு. இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பெட்டியின் சொந்தக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார், தரை டைல்ஸ் விற்பவர், உள்ளே முழுக்க சாம்பிள். கனமாக இருந்ததால் ஓரமாக வைத்துவிட்டுப் போனாராம்.

இப்போது குறைகள். முதல் குறை, எல்லாம் அடிக் கணக்கில் இருக்கிறது, ஆனால் 320 அடியைக் கண்ணால் அளக்கத் தெரிந்த மனிதனை நான் பார்த்ததில்லை. நான் கிரிக்கெட் பிட்ச்சில் அளக்கிறேன். பிட்ச் 66 அடி. குழாய் குண்டுக்கு ஒரு பிட்ச்சும் கொஞ்சமும், காருக்கு ஐந்து பிட்ச், சின்ன லாரிக்குப் பத்து. மார்க்கரால் அட்டை ஓரத்தில் எழுதியே வைத்திருக்கிறேன், கூட வேலை செய்கிற அமெரிக்கர்களுக்கு அது என்னவென்றே புரியவில்லை, அவர்கள் கால்பந்து மைதானத்தில் அளந்துகொள்கிறார்கள்.

இரண்டாவது, நேரத்துக்கு ஒரு கட்டம் இல்லை. 1,900 அடி நடக்க நல்ல ஆளுக்கே ஏழெட்டு நிமிடம், முட்டி வலி உள்ளவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். 2020 கிறிஸ்துமஸ் காலையில் நாஷ்வில்லில் ஒரு கேரவன் வண்டி, வெடிக்கப் போகிறேன் என்று ஒலிபெருக்கியில் தானே சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு போலீஸ்காரர்கள் கதவு கதவாகத் தட்டி ஜனங்களை வெளியேற்றினார்கள். வெடித்ததில் அந்த வண்டிக்காரனைத் தவிர யாரும் சாகவில்லை, 40-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதம். அவர்களுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் யாரை முதலில் நகர்த்துவது என்பதற்கு அட்டையில் ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையிலேயே கடுப்பு. தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையம் போட்ட இதே மாதிரி இன்னொரு அட்டவணை சுற்றிக்கொண்டிருக்கிறது. உள் எல்லை இரண்டிலும் ஒன்றுதான், வெளி எல்லை பல வரிசைகளில் வேறு. காருக்கு அங்கே 1,500 அடி, இங்கே 1,900. குழாய்க்கு அங்கே 850, இங்கே 1,200. ஒரே சர்க்கார், இரண்டு பதில். நான் பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் பக்கத்துக் கட்டடக்காரர் அந்த இன்னொன்றை ஒட்டி வைத்திருக்கிறார், ஒரே கார் நடுவில் நின்றால் நாங்கள் இரண்டு பேரும் ஆட்களை இரண்டு வெவ்வேறு இடத்துக்கு அனுப்புவோம். 1,900 அடி வட்டம் என்பது சும்மா இல்லை, சுமார் 260 ஏக்கர். நகர நடுவில் அதைக் காலி செய்யச் சொல்லும் போலீஸ் அதிகாரிக்கு எந்த எண் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது.

இன்னொன்றும் அட்டையில் கட்டமாக வந்திருக்கணும்: இரண்டாவது குண்டு. 1997 ஜனவரியில் அட்லாண்டா பக்கம் ஒரு கிளினிக்கில் குண்டு வெடித்து, போலீசும் தீயணைப்பும் வந்து நின்ற பிறகு சுமார் ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று வெடித்தது, வந்தவர்களைக் குறிவைத்தே வைத்தது. தள்ளிப்போய் நிற்கப்போகிற இடத்தையும் முதலில் ஒரு நோட்டம் விடு என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. நம் ஆட்கள் கூடுகிற இடம் பார்க்கிங்கில், கார்களுக்கு நடுவில் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அறிவியல் பிரிவு ‘ஃபர்ஸ்ட்’ என்று ஓர் ஆப்புக்கும் ஆதரவு கொடுத்தது, இதே தூரங்களைத் தெரு மேப் மேல் வட்டமாகப் போட்டுக் காட்டுவதற்கு. யோசனை பிரமாதம், என் பிட்ச் கணக்கே தேவைப்படாது. ஆனால் பக்கத்தில் செல்போனைத் தொடாதே என்று சொல்லும் வேலைக்கு ஆப்! தள்ளிப் போய்த்தான் திறக்கணும், அதற்கு எவ்வளவு தள்ளணும் என்று முதலில் அட்டையைப் பார்க்கணும்.

அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம் பிளானை மாற்றினோம். இப்போது எங்களுக்கு இரண்டு கூடுமிடம், தீக்குப் பழைய புல்தரை, குண்டு மிரட்டலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சர்ச்சின் பின்பக்க மைதானம். பாதிரியார் உடனே சம்மதித்தார், ஞாயிறு மட்டும் வேண்டாம் என்றார்.

ஐந்துக்கு நாலு. இறக்குகிறவர்கள் பிரிண்ட் எடுக்கும்போது பக்கத்துக்குள் முழுசாக அடங்குகிறதா என்று பாருங்கள், என் முதல் பிரதியில் அடிக்குறிப்பு வெட்டுப்பட்டுப் போயிருந்தது, குழாய் குண்டுக்கு ஏன் அவ்வளவு தூரம் என்று ஆறு மாதம் தெரியாமலே இருந்தேன்.