மூன்று சட்டி, ஒரே கறி: ஸ்லோ குக்கர் யாருக்கு, பிரஷர் குக்கர் யாருக்கு?

ஒரே ஆட்டின் முன்சப்பைக் கறி மூன்று கிலோ வாங்கி மூன்று பங்காகப் பிரித்தேன். வெங்காயம், பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, உப்பு, மிளகு, தண்ணீர் எல்லாவற்றையும் தராசில் நிறுத்துச் சமமாகவே போட்டேன். ஒரு பங்கு ஸ்லோ குக்கருக்கு (மின்சாரத்தில் மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் பீங்கான் பானை), ஒன்று பிரஷர் குக்கருக்கு, மூன்றாவது மூடி போட்ட கனத்த வார்ப்பிரும்புச் சட்டியில் ஓவனுக்கு. எதையும் முன்கூட்டி வதக்கவில்லை. போட்டி என்றால் எல்லாரும் ஒரே கோட்டிலிருந்துதானே ஓட வேண்டும்? அந்த நியாயமே ஓர் அநியாயம் என்பது அப்புறம்தான் புரிந்தது.

ஸ்லோ குக்கரைக் காலை பத்து மணிக்கு ‘லோ’வில் போட்டேன். ஓவன் சட்டி மதியம் மூன்று மணிக்கு உள்ளே போனது, 150 டிகிரி செல்சியஸில். பிரஷர் குக்கரை ஐந்து மணி வரைக்கும் தொடவே இல்லை. ஆறு மணிக்கு மூன்றும் மேசைக்கு வந்தன.

பிரஷர் குக்கர் கறி வெந்திருந்தது, சந்தேகமில்லை. ஆனால் மெல்லும்போது நார் நாராகத் தனித்தனியாகத் தெரிந்தது. உருளைக்கிழங்கைக் காணவில்லை, குழம்போடு குழம்பாகக் கரைந்து அதைக் கெட்டியாக்கிவிட்டுப் போயிருந்தது. ஓவன் சட்டியின் மூடியைத் திறந்ததும் வீடே திரும்பிப் பார்த்தது. தண்ணீருக்கு மேலே தலைநீட்டிய கறித்துண்டுகள் கரும்பழுப்பாகியிருந்தன, சட்டியின் விளிம்பைச் சுற்றிச் சாறு வற்றிய பழுப்பு வளையம், குழம்பு பாதியாகச் சுண்டியிருந்தது. ஸ்லோ குக்கரில் எலும்பைப் பிடித்துத் தூக்கினேன், வெறும் எலும்பு மட்டும் கையோடு வந்தது. கறி அவ்வளவு பதம். ஆனால் சாறு வெளிறி, தண்ணீராக இருந்தது. கேரட்டைக் கடித்தால் நடுவில் இன்னும் ‘நறுக்’. எட்டு மணி நேரம் வெந்த கேரட்!

அந்தக் கேரட்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

வெப்பம் போகும் வழி

ஸ்லோ குக்கரில் ‘லோ’ என்றால் குறைந்த வெப்பம், ‘ஹை’ என்றால் கூடுதல் வெப்பம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பல தயாரிப்புகளில் இரண்டும் கடைசியில் போய் நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. அங்கே போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வேறு. லோவில் பல மணி நேரம் மெல்ல மெல்ல ஏறும். கறிக்கு அது கொண்டாட்டம். சப்பை, கணுக்கால் மாதிரி உழைத்த தசைகளில் கொலாஜன் என்ற இணைப்புத் திசு நிறைய இருக்கும். கறியை ரப்பராக்குவது அதுதான். 60 டிகிரிக்கு மேல் அது கரைய ஆரம்பிக்கும், 70, 80 என்று ஏற ஏற வேகம் பிடித்து ஜெலட்டினாக மாறும். வாயில் வழுக்கிக்கொண்டு போகும் அந்த மெதுமை ஜெலட்டின் தருவது.

காய்க்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. கேரட்டையும் கிழங்கையும் இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின். 85 டிகிரியை நெருங்கும் வரை அது பெரிதாக அசைந்துகொடுக்காது. அதனால் ஸ்லோ குக்கரில் கறிக்கு முன்னால் காய் வெந்துவிடும் என்ற வழக்கமான அனுபவம் தலைகீழாகிவிடுகிறது. நானோ கேரட்டை எல்லாவற்றுக்கும் மேலே தூவியிருந்தேன். சூடு பானையின் சுவரிலிருந்தும் அடியிலிருந்தும் வருகிறது. காய் அடியில், கறி மேலே என்பதுதான் சரியான அடுக்கு.

பிரஷர் குக்கருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் 121 டிகிரி வரை போகும். 1679-இல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி செய்துகாட்டிய தத்துவம் இன்றும் அப்படியே இருக்கிறது. மின்சார பிரஷர் குக்கர்கள் பெரும்பாலும் அதைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தத்தில் ஓடுகின்றன, அதனால் சில நிமிடங்கள் கூடுதலாக வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் கொலாஜன் அரை மணியில் கரைகிறது. ஆனால் அதே சூட்டில் தசைநார் சுருங்கித் தன் சாற்றைப் பிழிந்து வெளியே விடுகிறது. அவசரப்பட்டு ஆவியைத் திறந்துவிட்டால் உள்ளே எல்லாம் குபுகுபுவென்று கொதித்துக் கறி இன்னும் காய்ந்துபோகும். தானாக அழுத்தம் இறங்கும் வரை பதினைந்து நிமிடம் பொறுத்தால் பாதிக் குறை தீரும்.

ஓவனில் காற்றின் சூடு 150 என்றாலும் சட்டிக்குள் இருக்கும் தண்ணீர் 100-ஐத் தாண்டாது. மூன்று சட்டிகளில் இதற்கு மட்டும் கிடைக்கும் வரம் மேற்பரப்பில் இருக்கிறது. தண்ணீருக்கு வெளியே நீட்டியிருக்கும் கறியும், சட்டி விளிம்பில் ஒட்டிய சாறும் காய்ந்து, சூடேறி, பழுப்பாகின்றன. வறுத்த வாசனையைத் தரும் மேயார்ட் வினை 140 டிகிரி வாக்கில்தான் சுறுசுறுப்பாக நடக்கும். ஸ்லோ குக்கருக்குள் அந்தச் சூடு எட்டாக்கனி.

நான் செய்த அநியாயம் இதுதான். எதையும் வதக்காமல் போட்டதால் ஓவன் தன் வறுவலைத் தானே தேடிக்கொண்டது, மற்ற இரண்டும் வெறுங்கையோடு நின்றன. அடுத்த வாரம் கறியையும் வெங்காயத்தையும் வாணலியில் நன்றாகச் சிவக்கவிட்டு, அடியில் பிடித்ததைக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி, அதையும் சேர்த்து ஸ்லோ குக்கரில் போட்டேன். வேறு சமையல் மாதிரி இருந்தது. ‘எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டுப் போங்கள்’ என்று எழுதும் குறிப்புகளில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. காலையில் பத்து நிமிடமும் கழுவ ஒரு வாணலியும் கூடுதல் செலவு, உண்மைதான். அந்தப் பத்து நிமிடம் முடியாது என்றால் பிரஷர் குக்கரே போதும். ருசியில் பெரிய வித்தியாசம் இருக்காது.

தண்ணீர் விஷயமும் இங்கேதான் சொல்ல வேண்டும். ஸ்லோ குக்கரின் மூடியில் படியும் ஆவி சொட்டுச் சொட்டாக உள்ளேயே விழுகிறது, எதுவும் வற்றுவதில்லை. அடுப்புக்கு எழுதிய குறிப்பில் உள்ள தண்ணீரில் மூன்றில் ஒரு பங்காவது குறைக்கலாம். நான் பாதிக்குப் பாதி குறைக்கிறேன்.

பயறு என்றால் பேச்சே இல்லை

பயறு, பருப்பு வகைகளுக்குப் பிரஷர் குக்கரை மிஞ்ச எதுவும் கிடையாது. முக்கியமாக ராஜ்மா. அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. சரியாக வேகாத நான்கைந்து கொட்டைகளே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி ஆரம்பித்துவிடும். கொதிக்காத மிதமான சூட்டில், 80 டிகிரி வாக்கில் வேகவைத்தால், பச்சையாக இருந்ததைவிட நச்சுத்தன்மை பல மடங்கு கூடக்கூடும். ஸ்லோ குக்கர் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பது அந்த இடத்தில்தான். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் கொதிக்கவைத்த பிறகுதான் ஸ்லோ குக்கருக்குப் போக வேண்டும். பத்து நிமிடக் கொதியில் நச்சு அழியும் என்றாலும், உறுதிக்காக 30 நிமிடம் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, அதற்கு இந்தப் பயம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்லோ குக்கர் பிறந்ததே பயறு வேகவைக்கத்தான். இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1940-இல் காப்புரிமை பெற்ற சாதனம் பின்னாளில் ‘நாக்சன் பீனரி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அவருடைய அம்மா லிதுவேனியாவில் சிறுமியாக இருந்தபோது, யூதர்கள் அடுப்பு மூட்டாத சனிக்கிழமை ஓய்வுநாளுக்காக, பயறும் கறியும் போட்ட பானையை வெள்ளிக்கிழமை மாலை பேக்கரிக்குக் கொண்டுபோய் வைப்பார்களாம். அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே மறுநாள் வரை அது வேகும். அந்தக் கதையிலிருந்து வந்த யோசனை இது. 1970-இல் ரைவல் நிறுவனம் அதை வாங்கியது, அடுத்த ஆண்டே ‘கிராக்-பாட்’ ஆகக் கடைக்கு வந்தது. ஆக, என் மேசையில் ஸ்லோ குக்கரை மணத்தில் தோற்கடித்த ஓவன் சட்டி அதற்குத் தகப்பன் முறை.

யார் எப்போது வீட்டில் இருக்கிறீர்கள்?

ருசியை வைத்து மட்டும் வாங்கினால் எல்லாரும் கனத்த சட்டியோடு நின்றுவிடலாம். ஆனால் ஓவனில் மூன்று மணி நேரம் என்றால் அந்த மூன்று மணி நேரமும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். பிரஷர் குக்கருக்கு நாற்பது நிமிடம் போதும், ஆனால் அது மாலையின் மிகக் களைத்த நாற்பது நிமிடம். ஸ்லோ குக்கர் வேலையைக் காலைக்குத் தள்ளிவிடுகிறது. இதற்குத்தான் அதை வாங்க வேண்டும்.

இன்னொன்று, அது பிழை பொறுக்கும். எட்டு மணி நேரக் கறி எட்டரை ஆனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஒருவர் ஏழு மணிக்கும் இன்னொருவர் ஒன்பது மணிக்கும் சாப்பிடும் வீட்டில் ‘வார்ம்’ பொத்தான் பாதிச் சண்டையைத் தீர்த்துவைக்கும். பிரஷர் குக்கரில் ஐந்து நிமிடம் தப்பினால் கிழங்கு கூழ். திறந்து பார்க்கவும் வழியில்லை. ஸ்லோ குக்கரில் திறந்து பார்க்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் இருபது, முப்பது நிமிடச் சூடு போய்விடும். வீடு முழுக்க மணக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம்.

பொறுக்காத பிழைகளும் உண்டு. நெஞ்சுப்பகுதிக் கோழிக்கறி எட்டு மணி நேரத்தில் மரத்தூள் ஆகிவிடும், தொடைதான் தாங்கும். பால், தயிர், க்ரீம் திரிந்துபோகும், கடைசி அரை மணியில் சேர்க்கலாம். மீனை விட்டுவிடுங்கள். சூடான பீங்கான் பானையை ஊறவைக்கிறேன் பேர்வழி என்று குழாய்க்கடியில் வைத்தேன் ஒருநாள். ‘டக்’ என்று ஒரு சத்தம்தான். மயிரிழை விரிசல் விளிம்பிலிருந்து அடி வரை.

பாதுகாப்பிலும் ஸ்லோ குக்கர்தான் அதிகக் கவனம் கேட்கிறது. 4 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் இடைவெளி, அதை விரைவாகக் கடந்தாக வேண்டும். உறைந்த கறியை அப்படியே போடக்கூடாது. பானை பாதி முதல் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவு வரை நிறைந்திருக்க வேண்டும். நேற்றைய குழம்பை அதில் சுடவைக்காமல் அடுப்பில் கொதிக்கவைத்து மாற்றலாம். நீங்கள் வெளியே போயிருந்தபோது கரண்ட் போய் வந்திருந்தால், வீடு திரும்பும்போது எவ்வளவு நன்றாக வெந்திருந்தாலும் குப்பைக்குத்தான். எனக்கு ஒருமுறை ஓவன் கடிகாரம் 00:00 என்று கண்சிமிட்டிக் காட்டிக்கொடுத்தது. மனசே வரவில்லை, இருந்தாலும் கொட்டினேன். மின்சார பிரஷர் குக்கரில் டைமர் வைத்துப் பச்சைக் கறியை மணிக்கணக்கில் காத்திருக்க வைப்பதும் இதே தப்புதான்.

மின்சாரச் செலவுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஸ்லோ குக்கர் 150 வாட் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 1.2 யூனிட். மின்சார பிரஷர் குக்கர் 1000 வாட் என்றாலும் அழுத்தம் ஏறியபின் விட்டுவிட்டுத்தான் எரியும், அதனால் பெரும்பாலும் அரை யூனிட்டோடு முடிந்துவிடும். ஓவன் இந்த மூன்றில் பெரிய தீனிக்காரன். சிக்கனம்தான் குறி என்றால் பிரஷர் குக்கர்.

இரண்டும் ஒன்றில் கிடைக்கிறதே, மல்டி குக்கரில் ‘ஸ்லோ குக்’ பொத்தான் இருக்கிறதே என்பார்கள். அவற்றில் சூடு அடித்தட்டிலிருந்து மட்டுமே வருகிறது, சுவரிலிருந்து வருவதில்லை. அதே குறிப்பு, அதே நேரம், ஆனால் பதம் வேறு. அதை நல்ல பிரஷர் குக்கராக நினைத்து வாங்குங்கள், அந்தப் பொத்தானுக்காக வாங்காதீர்கள்.

மிச்சமிருந்த மூன்று குழம்புகளையும் அன்று இரவு தனித்தனி டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் திறந்தால் நான் தண்ணி என்று திட்டிய ஸ்லோ குக்கர் சாறும் தளதளவென்று உறைந்திருந்தது. அவ்வளவு ஜெலட்டினும் அதற்குள் இருந்திருக்கிறது, சுண்டுவதற்குத்தான் வழியில்லாமல் போயிருக்கிறது. இப்போதெல்லாம் கறியை வெளியே எடுத்து மூடிவைத்துவிட்டு, சாற்றை மட்டும் அகலமான வாணலியில் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விடுகிறேன். கரண்டியின் முதுகில் பூசினாற்போல் நிற்க ஆரம்பித்ததும் கறியின் மேல் ஊற்றுகிறேன். கேரட்டுக்கு அடித்தட்டில் நிரந்தர இடம் கொடுத்தாயிற்று.