உத்தரவாதம் ஜன்னலுக்குத்தான், இடுக்குக்கு இல்லை

நங்கநல்லூரில் அப்பா 1988இல் கட்டிய வீடு. ஜன்னல் எல்லாம் தேக்கு. அப்பா இருந்தவரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தானே வார்னிஷ் அடிப்பார். அவருக்குப் பிறகு நாங்கள் யாரும் தூரிகையைத் தொடவில்லை. கீழ்ச்சட்டத்தில் கரையான் ஏறிவிட்டது. மழைக்காலத்தில் கதவு ஊதிப்போய் மூடவே முடியாது. சரி, ஏழு ஜன்னலையும் எடுத்துவிட்டு யுபிவிசி எனும் கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுவிடலாம் என்று 2024 ஜூலையில் முடிவு செய்தோம். அந்த முடிவில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

போட்டுக் கொடுத்த கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பேச்சுவார்த்தை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சதுர அடி 720 ரூபாய், 112 சதுர அடி, 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 95,155. கடையில் குறுக்காக வெட்டிய ஒரு துண்டைக் கையில் கொடுத்து, உள்ளே இரும்பு இருக்கிறது பாருங்கள், சத்தம் வராது, தூசி வராது, பத்து வருஷ உத்தரவாதம் என்றார்கள். நானும் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், கொசுவலை உண்டா என்றெல்லாம் விவரமாகக் கேட்டேன். பழைய ஜன்னலை எப்படி எடுப்பீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கொட்டேஷனின் கடைசி வரியில் 'சிவில் வேலை எங்கள் பொறுப்பல்ல' என்று இருந்தது. பெயின்ட் அடிப்பதைச் சொல்கிறார்கள் போல என்று விட்டுவிட்டேன்; உடைந்த சுவரைச் சரிசெய்வதும் அதில் வரும் என்று தோன்றவில்லை.

இரண்டு பையன்கள் சுவர் இடிக்கும் பிரேக்கர் மிஷினோடு வந்தார்கள். அந்தக் கால மர ஜன்னலைச் சுவரோடு பிடித்து வைத்திருப்பது ஹோல்டுபாஸ்ட் என்கிற இரும்புப் பட்டை. பக்கத்துக்கு இரண்டு மூன்று இருக்கும். கான்கிரீட் போட்டு உள்ளே புதைத்திருப்பார்கள். சட்டத்தை ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து எடுத்துவிட்டு, பட்டையை இரும்பு வெட்டும் கிரைண்டரில் வெட்டினால் சுவர் அசையாது. ஆனால் அதற்கு நேரம் ஆகும். இவர்கள் பிரேக்கரை வைத்து நெம்பினார்கள். "தம்பி, பார்த்து இடிங்கப்பா" என்று அம்மா சொன்னதற்கு, "பாட்டி, நாங்க தினமும் செய்யறதுதான்" என்று பதில் வந்தது. பட்டையோடு செங்கல்லும் பெயர்ந்து வந்தது. கிழக்குப் பக்கம் சன்ஷேடுக்கு மேலே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. பழைய பூச்சுதானே, வெடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

புது ஜன்னல்களோ முன்பே அளவெடுத்துத் தயாராகி வந்தவை. சுவர் உடைந்ததால் திறப்பு பெரிதாகிவிட்டது. சில இடங்களில் இரண்டு விரல் நுழையும். கொத்தனாரை வைத்து ஓரத்தைச் சரிசெய்த பிறகுதான் மாட்டியிருக்க வேண்டும். இவர்கள் இடைவெளி முழுக்க மஞ்சள் ஃபோமை அடித்து, உப்பியதைக் கத்தியால் சீவி, வெளியே ஒரு கோடு சிலிக்கான் பசை இழுத்தார்கள். வீடெல்லாம் காடி வாசனை. கீழே இருந்த பள்ளத்தை சிமென்ட் கலவையால் பூசி மெழுகினார்கள். ஒன்றரை நாளில் வேலை முடிந்தது. பளபளவென்று இருந்தது. பையன்களுக்கு ஐந்நூறு ரூபாய் டீச்செலவுக்குக் கொடுத்து அனுப்பினேன். என்னைப் போல ஏமாளி யார்?

அக்டோபர் 15ஆம் தேதி மழையில் கிழக்கு அறை ஜன்னல் திட்டில் தண்ணீர் நின்றது. போன் செய்ததும் ஒரு ஆள் வந்து, இருந்த சிலிக்கான் மேலேயே இன்னொரு கோடு இழுத்துவிட்டுப் போனார். நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல். மதியத்துக்கு மேல் விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் ஊரில் விமானச் சத்தம் இல்லாத சாயங்காலம் அபூர்வம். அந்த அமைதியில், ஜன்னல் கதவு நகரும் தண்டவாளத்திலிருந்து தண்ணீர் தரையில் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. இரவு எட்டு மணிக்கு ஜன்னலுக்குக் கீழே இருந்த சுவிட்ச்போர்டு நனைந்து, வீட்டு மின்சாரம் ட்ரிப் ஆனது. மின்சாரம் தானாக நின்றதால் தப்பித்தோம். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் சுவரில் பூசிய பட்டி கொப்புளம் கொப்புளமாக உரிந்து வருகிறது, சுவரோடு அடித்திருந்த பிளைவுட் அலமாரி அடியில் ஊதிவிட்டது. அப்பாவின் பழைய டைரிகள் அதன் கீழ்த்தட்டில்தான் இருந்தன. மை கரைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. அதற்கு என்ன விலை போடுவது?

கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார், ரப்பரைத் தடவிப் பார்த்தார். "சார், எங்க ஜன்னல்ல ஒரு சொட்டு வரல. உங்க செவுத்துல ஓதம். பழைய வீடு இல்லையா?" என்றார். உத்தரவாத அட்டையை எடுத்துப் படித்தேன். பத்து வருஷம் என்பது யுபிவிசி சட்டத்தின் நிறத்துக்கும் வளைவுக்கும்தான். மாட்டிய வேலைக்கு ஒரு வார்த்தை கிடையாது. அவர் சொன்னதும் ஒரு விதத்தில் நிஜம், ஜன்னலில் ஒழுகவில்லை. ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே ஒழுகுகிறது. அந்த இடுக்கு கம்பெனிக்கும் சொந்தமில்லை, சுவருக்கும் சொந்தமில்லை.

எங்கள் தெரு மேஸ்திரிதான் கடைசியில் கண்டுபிடித்தார். வெளியே ஏணி போட்டு, குழாயைக் கீழ் ஓரத்தில் மட்டும் பத்து நிமிஷம் பிடித்தார். பிறகு பக்கங்கள், பிறகு மேலே. நான் உள்ளே டார்ச்சோடு. மேலிருந்து ஊற்ற ஆரம்பித்தால் தண்ணீர் எங்கும் வழிந்து, எந்த ஓட்டை என்றே தெரியாது என்றார். மூன்று இடம் அகப்பட்டது. ஜன்னல் தண்டவாளத்தில் சேரும் மழைத்தண்ணீர் வெளியேற அடியில் சிறு துளைகள் இருக்கும். பூசிய சிமென்ட் அவற்றை அடைத்திருந்தது. அதனால் தண்டவாளம் தொட்டி போல நிரம்பி உள்ளே வழிந்தது. போதாததற்கு திட்டில் தண்ணீர் வெளிப்புறம் ஓட வாட்டமே இல்லை. இரண்டாவது, பக்கத்து சிலிக்கான். காடி வாசனை வருகிற வகை கண்ணாடிக்கு ஒட்டும், சிமென்டில் சரியாகப் பிடிக்காது. விரலால் இழுத்ததும் நாடா மாதிரி முழுசாக வந்தது. உள்ளே இருந்த ஃபோம் வெறும் அடைப்பு, மழையைத் தடுக்கிற பொருள் அல்ல. மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கியது: நான் பார்த்த அந்த மயிரிழைக் கோடு. பிரேக்கர் அதிர்ச்சியில் சன்ஷேடும் சுவரும் சேருமிடம் விட்டுப்போய், தண்ணீர் ஜன்னலுக்கு மேலே இருக்கும் லிண்டல் விட்டத்துக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. கம்பெனி ஆள் ஆயுசுக்கும் சிலிக்கான் அடித்தாலும் அது நிற்காது.

கிழக்குப் பக்க ஜன்னல் மூன்றையும் கழற்றி, ஓரங்களைப் பூசி, வாட்டம் விட்டு, காடி வாசனை இல்லாத நியூட்ரல் வகை சிலிக்கான் வாங்கி அடித்து, சன்ஷேடு விரிசலைப் பிளந்து அடைக்க 38,000 ரூபாய் ஆனது. அலமாரியும் பெயின்டும் தனி.

ஜன்னல் மாற்றப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன், சட்டத்தை அறுத்து எடுப்பீர்களா இடித்து எடுப்பீர்களா என்று கேளுங்கள். இடுக்கை அடைப்பது யார் பொறுப்பு என்பதை கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். மாட்டி முடித்த அன்றே குழாயைப் பிடித்துப் பாருங்கள். கடைசி 20 சதவீதப் பணம் அதற்குப் பிறகு போதும். நான் முழுப் பணத்தையும் அன்று மாலையே அனுப்பியிருந்தேன்.

பிப்ரவரியில் படங்கள், மேஸ்திரி பில், தேதி வாரியான வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் இணைத்து ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. 1915 எண்ணில் கூப்பிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் தமிழிலேயே பேசலாம்.

சூப்பர்வைசர் வந்துபோன பிறகு போனையே எடுக்காதவர்கள் நோட்டீஸ் போன நாலாம் நாள் கூப்பிட்டார்கள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் சார், வரும்போது ஒரிஜினல் பில்லையும் உத்தரவாத அட்டையையும் எடுத்து வாருங்கள் என்றார்கள். சனிக்கிழமை போகிறேன். கையில் ஜெராக்ஸ் மட்டும்தான்.